ரெண்டு ஐப்பசி

குருவி பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் படம் போட்ட தாள்கள். மாத்தளைக்கு வடக்கே உள்ள மலைகளில் என்னென்ன பறவை, என்னென்ன மிருகம் இருக்கின்றன என்று ஊர் மக்களே சேர்ந்து கணக்கெடுக்கப் போகிறார்களாம். "இதுக்குப் பேரு குடிமக்கள் அறிவியல், பாட்டி" என்றாள். நல்ல பிள்ளை. வெயிலில் நடந்து வந்திருந்தாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "குடிமக்கள்னா யாரு?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அதில் அவள் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வந்த கோபம் அவள் போன பிறகும் தணியவில்லை.

இந்தக் கோபம் என் சொந்தச் சரக்கு இல்லை, ஒருத்தியிடமிருந்து தொற்றியது. அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதிக் கொடுத்த பெயர் ஒரு ஆளை என்ன பாடு படுத்தும் என்று கண்ணால் கண்டவள் நான். தோட்டத்தில் எல்லாரும் அவளை நர்ஸம்மா என்றார்கள். இரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்ப்பது அவள் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். இருவருக்கும் ஒரே கூரையில் ஆளுக்குப் பாதி வீடு, நடுவில் பலகைச் சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் முணுமுணுத்தால் அவளுக்குக் கேட்கும்.

நர்ஸம்மாவிடம் எதைக் கேட்டாலும் நேரே பதில் வராது. "கேக்குறது யாரு?" என்பாள் முதலில். சும்மா நின்றபடி கேட்கமாட்டாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

ஒருநாள் பிரசவ அறைக்கு வெளியே நின்ற ஒருவன், "ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயாம்மா?" என்று கேட்டான். கதவைப் பாதி திறந்து, "கேக்குறது யாரு? புள்ளயோட அப்பனா, இல்ல போன வாரம் இவ முதுகுல வெறகுக்கட்டையால போட்டவனா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பன் வந்தா சொல்றேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவன் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் குளித்து, வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து, "அப்பன் வந்திருக்கேம்மா" என்று வாசலில் நின்ற பிறகுதான் சொன்னாள். பெண் பிள்ளை. அவன் அழுதுகொண்டே தூக்கினான்.

தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரைக்கும் அதே கதிதான். பிள்ளை பெற்ற ஒருத்தி எப்போது கொழுந்தெடுக்க வருவாள் என்று துரை ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார். "கேக்குறது தொரையா, இல்ல அவ மேல எரக்கப்பட்ட மனுசனா?" என்றாள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. எரக்கப்பட்ட மனுசன்தான் என்று சொல்லிவைத்தார். "அப்ப அவ நல்லா எந்திரிச்சு நடக்கட்டும், நானே கூட்டிட்டு வாறேன்" என்றாள். இவளை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார். ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளை தலைமாறி வந்தபோது, கண்டியிலிருந்து டாக்டர் வருவதற்குள் கையால் திருப்பி எடுத்தவள் இவள். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அவள் குணம் முதலில் எரிச்சலாக இருந்தது. "சாப்பிட்டாச்சா?" என்று பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டால், "கேக்குறது டீச்சரா, சோத்துக்குக் கறி இல்லாத பக்கத்து வீட்டுக்காரியா?" என்று பதில் வரும். கறி இல்லாதவள்தான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் கோபித்துக்கொண்டு, "ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லப் படிக்கலையா நீங்க?" என்றேன்.

"உங்களுக்கென்ன டீச்சர்" என்றாள், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "உங்கப்பா யாப்பாணம், ரயில்வே உத்தியோகம். நீங்க உக்குவளையில பொறந்தவங்க. யாரும் ஒங்ககிட்ட வந்து எங்க பொறந்தே, எப்ப வந்தேன்னு கேக்கமாட்டான். எங்கள வழியில போறவனெல்லாம் கேப்பான். எங்க பதிலு நேரா ஒரு பைலுக்குள்ள போவும். அப்ப கேக்குறவன் யாருன்னு நாங்க தெரிஞ்சுக்க வேணாமா?"

அவள் சொன்னது அந்தக் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டார் இல்லை என்று சட்டம் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் எழுதிப் போட வேண்டும். இத்தனை வருஷமாக இங்கேயே இருந்தேன், இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் போடுவதைத் தவிர வேறு எதிலும் தங்கள் பேரைக் கண்டிராதவர்கள் எதைக் காட்டி நிரூபிப்பது? அந்தச் சட்டத்தை எழுதின கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் துரைசாணி குருவிக் கணக்கு எடுக்கக் கிளம்பினாள்.

துரையின் பெண்சாதிக்குக் குருவி என்றால் உயிர். கொழும்பில் அவளைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வடக்கு மலைச்சரிவில் உள்ள தோட்டங்கள், கிராமங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் சனங்களே நின்று பறவையையும் மிருகத்தையும் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று முடிவாகியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாள். "எல்லாரும் குருவி பாக்கணும். இது இந்த நாட்டு ஜனங்க எல்லாரும் சேந்து செய்யிற வேலை" என்று தோட்டத் தமிழில் பேசினாள். பின் வாங்குப் பலகையிலிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

"அம்மா, இந்த நாட்டு ஜனம்னு யாரச் சொல்றீங்க?"

துரைசாணி சிரித்துக்கொண்டே, "நீங்கதான்" என்றாள்.

"அத அப்பிடியே ஒரு தாள்ல எழுதித் தர முடியுங்களா?" என்றாள் நர்ஸம்மா. சனங்கள் சிரித்துவிட்டார்கள். துரைசாணியும் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

சனங்களுக்குக் கணக்கு பிடித்துப் போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலமெல்லாம் அவர்களை மற்றவர்கள்தான் எண்ணினார்கள். இப்போது அவர்களே நின்று எண்ணினார்கள். அணில், மந்தி, காட்டுச் சேவல், மரங்கொத்தி என்று ஆளாளுக்குச் சொல்ல, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் எழுதினார். எல்லாரையும்விட அதிகம் சொன்னவள் செல்லாயி. கொழுந்தெடுப்பவள், புருஷன் இறந்தவள், மூன்று பிள்ளைகள். மலையில் நின்றால் வாய் பாடும், கை கொழுந்து கிள்ளும், கண் மரத்தில் இருக்கும்.

செல்லாயிக்கு ஆறுமணிக் குருவியைப் பிடிக்கும். முதுகு பச்சை, சிறகில் நீலம், அடிவயிறு சிவப்பு. காலையில் ஆறு மணிக்கும் சாயந்தரம் ஆறு மணிக்கும் விசில் அடித்தாற்போல் கத்தும். ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் காணாமல் போகும். அது எங்கேயிருந்து வருகிறது என்று துரைசாணி கேட்டபோது, செல்லாயி முந்திக்கொண்டு சொன்னாள்: "இந்தியாவுலருந்துதாம்மா. தொறையூருப் பக்கம் எங்காத்தா ஊருல ரெண்டு ஐப்பசியும் இந்தக் குருவியப் பாத்தேன். அங்க கத்துன மாரியே இங்கயும் கத்துது."

கலியாணத்துக்கு முன்னால் தாய்க்குச் சுகமில்லை என்று போனவள் அவள். தாய் சாக, இவளும் காய்ச்சலில் விழ, திரும்பி வர ரெண்டாவது ஐப்பசியும் கழிந்துவிட்டது. அப்போதெல்லாம் போக வரக் காகிதம் கேட்டவர்கள் குறைவு. துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடலுக்கு இரு பக்கமும் ஒரே குருவியைப் பார்த்த பெண். கிளாக்கர் எழுதிய தாளைப் பார்த்து, செல்லாயியின் பேரைப் போட்டு, தோட்டத்தின் பேரைப் போட்டு, இங்கிலீஷ் பேப்பருக்கு எழுதிவிட்டாள்.

பேப்பர் வந்த அன்று பெரிய கிளாக்கர் பிரட்டுக்களத்தில் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னார். செல்லாயி அந்தத் துண்டை வெட்டி வாங்கி, இரத்தோட்டை முஸ்லிம் நானா கடையில் கண்ணாடி போட்டு, தொழிலாளர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பிராவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

நர்ஸம்மா அதைப் போய்ப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. இத யாரு யாரு படிப்பாங்க?" என்றாள்.

"எல்லாரும் படிப்பாங்க நர்ஸம்மா."

"அதான் பயமா இருக்கு. கழட்டி வையி புள்ள."

"எம் பேரு ஒருநாளாவது அச்சுல வந்திருக்கு. பொறாமையில பேசாதீங்க" என்றாள் செல்லாயி. நர்ஸம்மாவிடம் அப்படிப் பேச தோட்டத்தில் வேறு யாருக்கும் வாய் வராது. நர்ஸம்மா திரும்பி வந்துவிட்டாள். அன்று சாயந்தரம் பலகைக்கு அந்தப் பக்கம் சட்டி பானை எல்லாம் சத்தமாக விழுந்தன.

சில மாதம் கழித்துப் பிரஜாவுரிமை விசாரணைக்காரர் ஒருவர் லயத்துக்கே வந்தார். செல்லாயி எழுதிப் போட்ட மனுவைப் பார்க்க வந்தவர். நல்லபடியாகப் பேசினார், கதிரையில் உட்கார்ந்தார், தேத்தண்ணீர் குடித்தார். செல்லாயிக்கு அவர் பெரிய விருந்தாளி. சுவரைக் காட்டி, "ஐயா, எம் பேரு பேப்பர்ல வந்திருக்கு, பாருங்க" என்றாள். அவர் எழுந்துபோய் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு பேனையை எடுத்தார்.

நோட்டீஸ் வந்தது. ரெண்டு ஐப்பசி என்றால் ஒரு வருஷத்துக்கு மேல். இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கவில்லை. ஆகையால் மனுவை ஏன் தள்ளக் கூடாது என்று மாத்தளைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். தள்ளினால் வேலை போவது இன்றோ நாளையோ, காம்பிரா போவது இன்றோ நாளையோ. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, தாயும் இல்லாத ஒரு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

செய்தி லயமெல்லாம் பரவியது. அந்த ஐப்பசியில் மறுபடியும் குருவிக் கணக்கு வந்தது. ஒவ்வொரு பறவைக்கும் எதிரே, இங்கேயே வாழ்வதா, வந்து போவதா என்று ஒரு கேள்வி. பெரிய கிளாக்கர் அதை ‘நிரந்தர வதிவுடையதா, குடியேறியதா?’ என்று தமிழாக்கி இருந்தார். பிரஜாவுரிமைத் தாளில் இருக்கும் அதே ‘வதிவு’. சனங்கள் பயந்துபோனார்கள். காகம் இங்கேயே பிறந்தது. கிளி இங்கேயே பிறந்தது. ஆறுமணிக் குருவி இங்கேயே பிறந்தது, அதன் தாய் தகப்பனும் இங்கேயே பிறந்தவர்கள், பாட்டனும் இங்கேதான். வெளியே போனதே இல்லை. ஒரு கிழவனார் வௌவாலுக்கு இரண்டு சாட்சி வேறு சொன்னார்.

கொழும்புச் சங்கம் எல்லாத் தாளையும் தூக்கிப் போட்டுவிட்டதாம். தோட்டத்துச் சனங்களுக்குப் புத்தி போதாது என்று துரைசாணி என்னிடமே வருத்தப்பட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இருவருமாகப் பங்களாவுக்குப் போனோம். துரைசாணி ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா, ரெண்டு வரி எழுதித் தாங்க" என்றாள் நர்ஸம்மா. "அந்தப் பேப்பர்ல வந்தது தப்பு, செல்லாயி அப்பிடிச் சொல்லலன்னு."

"ஆனா அவ சொன்னா. அது உண்மைதானே?"

"உண்மைதாம்மா."

"உண்மைய எப்பிடி இல்லைன்னு எழுதுறது? ஒரு பொய் எழுதினா மத்த எல்லாக் கணக்கும் பொய்னு ஆயிடும்."

"ஒரு குருவி கொறஞ்சா என்ன கெட்டுப் போவும்மா? மூணு புள்ளைங்க."

துரைசாணியின் கண் கலங்கிவிட்டது. நல்ல வக்கீலாகப் பிடித்துத் தருகிறேன் என்றாள். வக்கீல் வேண்டாம், ரெண்டு வரி போதும் என்று நர்ஸம்மா திரும்பவும் கேட்டாள். துரைசாணி தலையை ஆட்டி ஆட்டி, முடியாது முடியாது என்றாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். தன் நாட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் கப்பல் ஏறலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றிருந்த ஒருத்திக்கு உண்மை பேசுவதில் என்ன சிரமம்?

விசாரணை மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நடந்தது. செல்லாயி, நர்ஸம்மா, நான், பெரிய கிளாக்கர் நாலு பேரும் காலை பஸ்ஸில் போனோம். லயத்துக்கு வந்த அதே ஆள்தான் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, ஒருவர் தமிழில் சொன்னார். பேப்பர்த் துண்டு கண்ணாடியோடு மேசைமேல் கிடந்தது.

"இந்தியாவில் ரெண்டு ஐப்பசியும் இந்தக் குருவியைப் பார்த்தது யார்?"

செல்லாயி வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து, "நாந்தாங்கய்யா" என்று குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். நர்ஸம்மா எழுந்து நின்றிருந்தாள். இடுப்பில் கை இல்லை.

"இதில் செல்லாயி என்றுதானே இருக்கிறது?"

"நான் சொன்னத கிளாக்கரு பேரு மாத்தி எழுதிட்டாருங்க."

"எந்த ஊரில் பார்த்தீர்கள்?"

"தொறையூருப் பக்கம்ங்க. ஏரிக்கரை ஓரமா. முதுகு பச்சை, சிறகு நீலம், வாலு கட்டை. ஆறு மணி அடிச்சாப்புல கத்தும்."

"எவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள்?"

"ரெண்டு ஐப்பசிக்கும் இருந்தேங்க. வேலைக்குச் சேரும் முன்ன."

அவர் அலமாரியிலிருந்து இன்னொரு பைலை எடுப்பித்தார். நர்ஸம்மாவும் மனுப் போட்டிருந்தாள். "இதில் நீங்கள் இந்த நாட்டை விட்டு வெளியே போனதே இல்லை என்று எழுதியிருக்கிறதே?"

"பொய் எழுதிட்டேங்க" என்றாள்.

அவர் பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனுஷன், தன் பேனைக்குத் தானே பயப்படுகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாம் நர்ஸம்மா கையில் பிறந்தவர்கள். "ஒரு பொம்பிளை சொன்னவ, நான் எழுதினனான், சேர்" என்றார். "ஆர் எண்டு இப்ப ஞாபகமில்லை."

செல்லாயி அழுதுகொண்டே எழப் பார்த்தாள். நர்ஸம்மா அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

வெளியே வந்ததும் செல்லாயி காலில் விழப் போனாள். "ஏண்டி, ஊருக்கே படங் காட்டுனது போதாதா?" என்று நர்ஸம்மா அவளை இழுத்து நிறுத்தினாள். "உனக்கு மூணு. எனக்கு யாரு இருக்கா? போயி அந்தப் புள்ளைங்களுக்கு ரெண்டு ரொட்டி வாங்கு." பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தீங்க என்று கேட்டேன். வழக்கமான கேள்வி வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. "நம்ம கையில இருந்தது பொய் ஒண்ணுதான் டீச்சர், அத யாருக்காவது குடுக்கணும்ல" என்றாள். அதைச் சொன்னபோதும் அவளுக்குக் கோபம்தான்.

செல்லாயிக்கும் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. நர்ஸம்மாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பல வருஷம் அவள் எந்த நாட்டாளும் இல்லாமல் பிள்ளைப்பேறு பார்த்தாள். இந்தக் கையால் எடுத்த பிள்ளைகளில் எது இந்த நாட்டுப் பிள்ளை, எது இல்லாத பிள்ளை என்று தொப்புள்கொடியைப் பார்த்து யாராவது சொல்லட்டும் என்பாள். துரைசாணி தன் நாட்டுக்குப் போனாள். பங்களா வாசலில் சனங்கள் மாலை போட்டார்கள். அதன் பிறகு இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் எழுதி, இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று மனுஷரைப் பங்கு போட்டார்கள். நர்ஸம்மா இந்தியாப் பங்கில் விழுந்தாள். அவளுடைய தாய் தகப்பன் எங்கள் தோட்டத்து இடுகாட்டில் கிடந்தார்கள். இந்தியாவில் எந்த ஊர் என்று அவளுடைய தாளில் கேட்ட இடத்தில், விசாரணையில் சொன்ன ஊரையே எழுதியிருந்தார்கள்.

மாத்தளை ஸ்டேஷனுக்கு லயமே வந்திருந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நர்ஸம்மா ஜன்னல் ஓரமாக, மடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். யாரையும் தன்னைத் தொட விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ரயிலைப் போட்டு உதைக்க வேண்டும் போலிருந்தது.

விசில் ஊதியபோது அவள் செல்லாயியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அடியே, தொறையூருக்கு எங்கன எறங்கணும்? அங்கருந்து உங்காத்தா ஊருக்கு எப்பிடிப் போவணும்? சொல்லு, எனக்கு ஒண்ணுந் தெரியாது."

செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். திருச்சியில இறங்கணும், நர்ஸம்மா. அங்கருந்து பஸ்ஸு. ஏரிக்கரையில எறங்கி, கெழக்கால நடந்தா ஒரு புளியமரம் வரும், அதுல இருந்து ரெண்டு பாதை பிரியும் என்று சொல்லும்போது ரயில் நகர்ந்துவிட்டது. செல்லாயி சொல்லிக்கொண்டே கூட ஓடினாள். எந்தப் பாதை என்று சொல்வதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.